குடையைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள்: காளான் கேள்வி பதில்

மழை விழுந்ததும் காளான் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, எனக்குச் சொந்த ஊர் அந்தியூர் பக்கம். மழை முடிந்ததும் காளான் பறித்துச் சாப்பிட்டு வளர்ந்தவள். இப்போது பெங்களூரில் எங்கள் குடியிருப்புப் புல்தரையில் அதே மாதிரி வெள்ளைக் குடைகள் வட்டமாக முளைத்திருக்கின்றன. சமைக்கலாமா?
– ஒரு வாசகி, பெங்களூரு

வேண்டாம் தங்கச்சி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற காளானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெள்ளைக் குடை, நடுவில் பழுப்புச் செதில், தண்டில் ஒரு வளையம், மழைக்குப் பிறகு புல்தரையில் வட்டமாக முளைப்பது, எல்லாம் அதன் குணம். குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகள் இளசில் வெள்ளையாக இருந்து, முற்ற முற்றப் பச்சை ஓடும். மொட்டாகப் பறித்தால் அந்தப் பச்சை கண்ணில் படவே படாது. சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பெரியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். குழந்தைகளுக்கு உடம்பில் நீர் வற்றிப்போவது பெரிய ஆபத்து.

உங்களுக்குக் காளான் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்தது அந்தியூர்க் காளான். ஊர் மாறினால் அந்த அறிவு கூடவே வந்துவிடாது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறிய குடும்பங்களில் இப்படித்தான் உயிர்கள் போயின. தங்கள் ஊர் வைக்கோல் காளான் என்று நம்பிப் பறித்தது, அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற கொடிய விஷக்காளான். இரண்டுக்கும் அடியில் ஒரு பை உண்டு. மொட்டாக இருக்கும்போது பழகிய கண்ணே ஏமாறும்.

புற்றுக்காளானை உறுதியாக அடையாளம் காண என்ன வழி?
– கல்லூரி மாணவர், தேனி

செங்கோட்டையில் எங்கள் ஆச்சி காளானைப் பிடுங்க விடமாட்டாள். ஒரு குச்சியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி, வேரோடு எடுக்கச் சொல்வாள். "குடையைப் பார்க்காதே, வேரைப் பாரு" என்பாள். அதில் நிறைய விஷயம் இருக்கிறது.

கரையான்கள் காளானை விவசாயம் செய்கின்றன, சுமார் 3 கோடி ஆண்டுகளாக. மட்கிய இலையையும் மரத்தூளையும் தின்று, தங்கள் எச்சத்தால் புற்றுக்குள் ஒரு மெத்தை கட்டி, அதில் பூஞ்சையை வளர்த்துத் தின்கின்றன. மழை இறங்கி மண் நனைந்ததும் அந்த மெத்தையிலிருந்துதான் குடை கிளம்புகிறது. அதனால்தான் தண்டு மண்ணுக்குள் வேர்போலக் கூராகி, ஒரு சாண், ஒரு முழம் என்று இறங்கிக்கொண்டே போகும். மேலே புற்றே தெரியாத சமதளத்திலும் முளைக்கும். அடியில் கரையான் இருக்கும். ஒரே இடத்தில் வருடா வருடம் வருவதும் இதனால்தான்.

குடையின் நடுவில் கூரான, கெட்டியான முனை இருக்கும். மண்ணைக் குத்திக்கொண்டு வெளியே வர அதுதான் உதவுகிறது. விரிந்ததும் ஓரம் கிழியும். மடிப்புகள் வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்புக்குப் போகும். அடியில் பையோ கிண்ணமோ இருக்கக் கூடாது. இருந்தால் அப்படியே போட்டுவிடுங்கள். ஒரு குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே பாத்திரம் மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் தாளில் படிந்த தூள் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பச்சையாக இருந்தால் அது பெங்களூர்த் தங்கச்சி பார்த்த ரகம்.

தண்டில் வளையம் இருந்தால் விஷம் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. 1979இல் தென்னிந்தியாவிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமான ஹெய்மி என்ற புற்றுக்காளானுக்கே வளையம் உண்டு. வேர் நீளமாக இருக்கும் வேறு காளான்களும் உண்டு, ஆகவே ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள். அரிசிக் காளான் எனப்படும் பொடிக்காளானும் கரையான் தயவில் வருவதுதான். ஆனால் கரையான்கள் வெளியே கொண்டுவந்து போட்ட மெத்தைத் துணுக்குகளில் முளைப்பதால் அதற்கு நீள வேர் இருக்காது. புதிதாகக் கற்பவர்கள் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

தம்பி, எழுத்தில் படித்ததை வைத்துக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். அந்தப் பகுதியிலேயே பல வருடம் பறித்துச் சாப்பிட்ட ஒருவரோடு சில மழைக்காலம் சுற்றுங்கள். புற்றுப் பொந்தில் கை விடாதீர்கள். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுவது பழமொழியில் மட்டும் நடப்பதல்ல. கரையான் மருந்து ஊற்றிய தோட்டத்திலும் சாலையோரத்திலும் முளைத்தது வேண்டவே வேண்டாம்.

வெள்ளிக் காசு போட்டு வேகவைத்தால் விஷம் தெரிந்துவிடும், மஞ்சள் போட்டால் முறிந்துவிடும், புழு தின்ற காளானை நாமும் தின்னலாம் என்கிறார் என் மாமியார். உண்மையா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

மூன்றும் உண்மையில்லை. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஆனால் கட்டாயம் சொல்லுங்கள். அமானிட்டா ஃபல்லாய்டிஸில் இருக்கும் நஞ்சு வெள்ளியைக் கறுக்கவைக்காது, கொதிக்கவைத்தாலும் அழியாது. அந்தக் காளானை நத்தை சுகமாகத் தின்னும்.

அதன் கொடுமை வேறு இடத்தில் இருக்கிறது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம்கூட, ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு. அடுத்த நாள் உடம்பு தேறியதுபோல இருக்கும். அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து ஏழைக் குடும்பங்கள். ஆகவே, காட்டுக்காளான் சாப்பிட்டவருக்கு வாந்தி வந்தால், நின்றுவிட்டாலும் சரி, 108ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் காளானையும் கையோடு கொண்டுபோங்கள். வாந்தி தாமதமாக வந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

ருசி கெடாமல் எப்படிச் சமைப்பது?
– ஒரு வாசகர், ராஜபாளையம்

பறித்த அன்றே சமைக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் உள்ளே புழு வைத்துவிடும். வேரில் கறுத்த நுனியை வெட்டிவிட்டு, மண்ணைக் கத்தியால் சுரண்டுங்கள். மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் மடிப்புக்குள் இருக்கும் பூச்சிகள் வெளியேறும். மஞ்சளுக்கு இங்கே அவ்வளவுதான் வேலை. ஊறவிடாதீர்கள். கத்தியால் நறுக்காமல் கையால் நீளவாக்கில் கிழியுங்கள்.

மண்சட்டியில் நல்லெண்ணெய், சீரகம், கறிவேப்பிலை, நிறையச் சின்ன வெங்காயம். வதங்கியதும் காளான், உப்பு. தண்ணீர் ஊற்ற வேண்டாம், அதுவே விடும். அந்தத் தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை பொறுமையாக வேகவிட்டு, புதிதாகத் தட்டிய மிளகைத் தூவி இறக்குங்கள். பட்டை, கிராம்பு, கரம் மசாலா எல்லாம் இதன் மணத்தைக் கொன்றுவிடும். நான் சேர்க்கவே மாட்டேன். குழம்பாக வேண்டுமென்றால் தேங்காயைச் சிவக்க வறுத்தரைத்து, புளி கொஞ்சமாக ஊற்றித் தீயல் வையுங்கள்.

முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மூன்று துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சமைக்காத காளான் ஒன்றைத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவரிடம் காட்ட அது வேண்டும்.

புற்றுக்காளானை வீட்டில் வளர்க்க முடியுமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

கரையான் இல்லாமல் முடியாது. வளர்க்க ஆசையென்றால் பால் காளான் வளருங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் நம் வெயிலைத் தாங்கும். வைக்கோலும் காளான் வித்தும் ஒரு குடிசையும் போதும். தீயலுக்கும் நன்றாக ஒத்துவரும். தண்டு கெட்டியாக இருப்பதால் கொஞ்சம் கூடுதலாக வேகவிடுங்கள்.