உடுமலையிலிருந்து ஆனைமலை: அமைதியான சைக்கிள் வழியும் எதிர்காற்றும்

பொள்ளாச்சி மெயின்ரோட்டை விட்டுவிட்டு, உடுமலையிலிருந்து தேவனூர்புதூர் வழியாக ஆனைமலைக்குப் போங்கள். லாரித் தொல்லை குறைவு. அங்கங்கே தென்னந்தோப்புகள் காற்றையும் கொஞ்சம் தடுக்கும்.

மேற்கே போகும்போது மட்டும் வண்டி நகரமாட்டேன் என்கிறது என்றீர்களே, அது செயின் கோளாறாக இருக்காது. பாலக்காட்டுக் கணவாய் (மலைத்தொடரின் இடைவெளி) வழியாக மேற்கிலிருந்து வீசும் எதிர்காற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இப்படித்தான் படுத்தும். சந்தேகமிருந்தால் வழியில் சுற்றும் காற்றாலைகளைப் பாருங்கள். அவை முகம் திருப்பியிருக்கும் பக்கமிருந்துதான் காற்று வருகிறது. காற்றில்லாத காலையிலும் வண்டி நகரத் திணறினால், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி பிரேக் கட்டை உரசுகிறதா என்று பாருங்கள்.

விடியலில் மேற்கே போய், வெயில் ஏறியதும் காற்றோடு திரும்புவதுதான் சுகம். அப்புறம், மலையடிவாரப் பக்கம் இருட்டும்வரை நிற்க வேண்டாம், யானை நடமாட்டம் உண்டு.