முகப்பில் எழுதிய ஆண்டு

அன்புள்ள ஐயா,

தொண்டிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியின் ஆண்டு விழா மலருக்குப் பள்ளி வரலாற்றை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முகப்பில் 'தோற்றம் 1961' என்றிருக்கிறது. அதையே புதுப்பித்து எழுதப் பெயிண்டர் வரப்போகிறார். என் தாத்தாவோ வெள்ளைக்காரன் காலத்திலேயே அங்கு படித்ததாகச் சொல்வார். எதை எழுதுவது?

அன்புள்ள நண்பருக்கு,

தாத்தாவை நம்புங்கள். 1961 பள்ளி பிறந்த ஆண்டாக இராது, பெயர் மாறிய ஆண்டாக இருக்கும். 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்களே 1960, 61இல்தான் வந்தன. அதுவரை ஜில்லா போர்டு என்ற மாவட்ட உள்ளாட்சி அமைப்பு நடத்திய ஆரம்பப் பள்ளிகள் அவற்றின் கைக்கு மாறின. கிழவர்கள் இன்றும் 'போர்டு ஸ்கூல்' என்பது சும்மா இல்லை.

எட்டாம் வகுப்பு எப்போது வந்தது என்றும் பாருங்கள். ஐந்தோடு வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய ஆண்டு.

தலைமை ஆசிரியரிடம் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். விழா மலர்களில் வரும் தாளாளர், தலைவர் படங்களைவிட அதில் ஊர் அதிகம் இருக்கிறது. பிறந்த தேதிப் பத்தியில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருப்பார்கள். தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொட்டவனுக்கு ஐந்து வயது. தேதி வாத்தியார் போட்டது. என் பிறந்தநாளும் அப்படி வந்த தானம்தான்.

பிறகு 'நீங்கிய நாள்' பத்திக்குப் போங்கள். காரணம் 'தொடர்ந்து வராமை' என்றே இருக்கும். மாதங்களைக் கூட்டிப் பாருங்கள். வாடைக் காற்றில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) கரைக்குக் குடும்பத்தோடு பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் அங்கே தெரிவார்கள். பன்னிரண்டு வயதில் வள்ளம் ஏறிய பையன்களும் தெரிவார்கள். காமராசர் காலத்தில், 1956இல், மதிய உணவு தொடங்கியது, 1982இல் சத்துணவு. அந்த ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டினார்கள் என்று எண்ணுங்கள். மலரில் அந்தக் கணக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

பதிவேடு கரையான் வாய்க்குப் போயிருந்தால் மனம் தளர வேண்டாம். 1964 புயலுக்குப் பின் தனுஷ்கோடிப் பள்ளிக்கு மிஞ்சியது இடிந்த சுவர்தான். உங்களுக்கு வீடுகளாவது இருக்கின்றன. தகரப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லுங்கள். தாத்தாவின் சான்றிதழ் ஏதாவது கிடைத்தால் முத்திரையைப் படியுங்கள். இராமநாதபுரம் மாவட்டமே 1910இல் அமைந்தது. 'மதுரை ஜில்லா' என்று முத்திரை இருந்தால் உங்கள் பள்ளி அதற்கும் மூத்தது.

அதுவரை பெயிண்டரை வரவேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.