கேள்வி – பதில்: அம்பாந்தோட்டையில் சீனாவுக்கு என்ன வேலை?

கேள்வி: கடன் கொடுத்து மடக்கி அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனா எழுதி வாங்கிக்கொண்டது என்கிறார்களே, அதன் உண்மையான நோக்கம் என்ன?
– வாசகர், மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: எழுதி வாங்கிக்கொண்டது என்பது மேடைப் பேச்சுக்குப் பொருந்தும், நடந்தது வேறு. சீன அரசின் ஏற்றுமதி–இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கியிடம் கடன் பெற்று இலங்கையின் தென்கரையில் மகிந்த ராஜபக்ச அரசு கட்டிய அத்துறைமுகம், 2010-இல் திறக்கப்பட்ட பின்னும் போதிய கப்பல்கள் வராமல் நட்டத்தில் ஓடியது. அவரைத் தோற்கடித்து வந்த சிறிசேன அரசுதான் 2017-இல் அதைச் சீன அரசு நிறுவனமான சைனா மெர்ச்சன்ட்ஸிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, ஏறத்தாழ 112 கோடி டாலர் பெற்றது. அந்தப் பணம் துறைமுகக் கடனை அடைக்கவில்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. இலங்கையை அப்போது நெருக்கியவையும் பெரும்பாலும் சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களே.

இதனால் சீனா வெறும் வணிகர் என்றாகிவிடாது. வலிமையை வெளிக்காட்டாமல் காலம் பார்த்திருக்க வேண்டும் என்ற டெங் சியாவோபிங் காலத்து நெறியை ஷி ஜின்பிங் ஏறக்குறைய கைவிட்டுவிட்டார். மேற்காசியாவிலிருந்து சீனாவுக்குச் செல்லும் எண்ணெயில் பெரும்பகுதி இந்தியப் பெருங்கடலையும் மலாக்கா நீரிணையையும் கடந்தாக வேண்டும் என்பதால், போர் மூண்டால் அவ்வழி அடைபடும் என்ற அச்சம் பெய்ஜிங்கிற்கு நெடுநாளாக உண்டு. ஆகவே பல நாடுகளில் சாலை, ரயில், துறைமுகம் அமைக்க 2013-இல் அறிவித்த பட்டுப்பாதைத் திட்டத்தின் பெயரால் முதலில் வணிகத் துறைமுகங்கள் வருகின்றன. கடற்படைக்குத் தேவைப்படும் நாளில் அங்கே கதவு திறந்திருக்கும் என்பதே கணக்கு. வெளிப்படையான வெளிநாட்டுப் படைத்தளம் என்று கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் 2017-இல் ஒன்றைத் திறந்தார்கள். மற்ற இடங்களில் அந்தப் பழியும் செலவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 2022 ஆகஸ்டில், இந்தியா கவலை தெரிவித்த பிறகும் 'யுவான் வாங் 5' என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்து நின்றது. (அன்று சென்னைத் தொலைக்காட்சி விவாதங்களில் எழுந்த கூச்சலில் இந்தக் குத்தகைக் கணக்கு யார் காதிலும் விழவில்லை.)

என் பார்வையில், அவ்வாண்டு இலங்கை திவாலானபோது இந்தியா அளித்த ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவி, கண்டன அறிக்கைகளைவிட அதிகம் சாதித்தது. 2024-இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் அனைத்துக்கும் கொழும்பு ஓராண்டுத் தடை விதித்தபோது, யாரை மனத்தில் வைத்து என்று எவரும் கேட்கவில்லை.

கேள்வி: அப்படியானால் 2019-இல் மாமல்லபுரத்தில் நடந்த மோடி–ஷி சந்திப்பு வீண்தானா?
– வாசகர், திருவான்மியூர், சென்னை

பதில்: அடுத்த எட்டு மாதங்களில் லடாக் எல்லையில் சீனப் படையுடன் நடந்த கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். தலைவர்களின் நட்புரையையும் எல்லையில் தரும் அழுத்தத்தையும் சீனா தனித்தனியே நடத்துகிறது. 2024 அக்டோபரில் ரோந்து குறித்த உடன்பாடு வந்ததும், நான்காண்டுகளாக இரு தரப்பு அதிகாரிகளும் படைத்தளபதிகளும் சலிக்காமல் நடத்திய பேச்சுவார்த்தையால்தான்.