டெர்மினலுக்கு எத்தனை வண்ணம் தெரியும்?

கேள்வி: பாயான் லெப்பாஸ் அலுவலக சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தால் எடிட்டரில் எட்டு வண்ணங்கள்தாம் தெரிகின்றன. என் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரம்) எதையெல்லாம் காட்டும் என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: சர்வரில் ‘டிபுட் கலர்ஸ்’ (tput colors) என்ற கட்டளையைக் கொடுங்கள். 256 வந்தால் சரி. 8 வந்தால், டெர்மினலின் வகைப்பெயரை வைத்திருக்கும் ‘டெர்ம்’ (TERM) மாறியைப் பாருங்கள். பெரும்பாலும் வெறும் ‘எக்ஸ்டெர்ம்’ (xterm) என்றிருக்கும். அதை ‘எக்ஸ்டெர்ம்-256கலர்’ (xterm-256color) ஆக்குங்கள், ஆனால் சர்வரின் தொடக்க அமைப்புக் கோப்பான பேஷ்ஆர்சியில் (.bashrc) அல்ல, உங்கள் டெர்மினலின் அமைப்பில். எஸ்எஸ்எச் அந்தப் பெயரைத் தானே கொண்டுபோகும்.

டிபுட் உங்கள் திரையை விசாரிப்பதே இல்லை. டெர்மில் உள்ள பெயரை, டெர்மினல்களின் திறன்களைப் பட்டியலிடும் டெர்ம்இன்ஃபோ தரவுத்தளத்தில் தேடி, அங்கே எழுதியிருப்பதை ஒப்பிக்கிறது. பெயர் தவறென்றால் பதிலும் தவறுதான். முழுப் பட்டியலுக்கு ‘இன்ஃபோசிஎம்பி’ (infocmp) கட்டளை. அதில் ‘எஸ்ஐடிஎம்’ (sitm) இருந்தால் சாய்வெழுத்து உண்டு என்று பொருள்.

256-ஐத் தாண்டி 1.67 கோடி வண்ணங்களுக்குக் கண்தான் சாட்சி. பிரின்ட்எஃப் (printf) கட்டளையில் எஸ்கேப் (\033), இடது சதுர அடைப்பு, 38;2;255;100;0, சிறிய எம், பிறகு ஏதாவது ஒரு சொல். அது ஆரஞ்சில் வந்தால் உண்டு.

ஒரே சாளரத்தில் பல டெர்மினல்களை நடத்தும் டிமக்ஸுக்குள் மட்டும் டெர்ம் ‘டிமக்ஸ்-256கலர்’ (tmux-256color) என்றே இருக்கட்டும். அங்கே எக்ஸ்டெர்ம் பெயரைத் திணித்தால் திரை குழம்பும்.