காபி ஸ்டவுட்டில் குடைமிளகாய் வாசனை வருகிறதா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். காபி என்றால் உயிர். நண்பர்கள் சொன்னதைக் கேட்டு, நான்கு கேன் கொண்ட காபி ஸ்டவுட் (கருக வறுத்த பார்லியில் செய்யும் கறுப்பு பீரில் காபி சேர்த்தது) வாங்கினேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே கேனில் குடித்தால் வெறும் கசப்பு. மறுநாள் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் குடித்தால் நறுக்கிய குடைமிளகாய் வாசனை. கடைக்காரரோ, "கறுப்பு பீர் நாள்பட நாள்பட நன்றாகும்" என்கிறார். இது கெட்டுப்போனதா? எப்படிக் குடித்தால் ருசி தெரியும்?

பதில்: பீர் பழசானது என்பதற்காக உடம்புக்குத் தனியாகக் கெடுதல் வராது. ஆனால் கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். காபி சேர்த்த பீர் நாள்பட்டால் நன்றாகாது. முதலில் போவதே அந்தக் காபி மணம்தான்.

கேனைத் தலைகீழாகத் திருப்பி அடியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். பாட்டிலாக இருந்தால் கழுத்துக்குக் கீழே, அல்லது லேபிளின் ஓரத்தில் இருக்கும். 'பேக்கேஜ்டு ஆன்' என்றால் அடைத்த நாள். 'பெஸ்ட் பை' என்றால் அதற்குள் குடித்தால் நல்லது என்று ஆலை வைத்த கெடு. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டவுட்டுக்குப் பல ஆலைகள் தாராளமாகக் கெடு வைக்கின்றன. கெடு தாண்டவில்லை என்பதாலேயே அது புதிது ஆகிவிடாது. இன்னொரு விஷயம், நம்மவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம்: அமெரிக்காவில் மாதம்தான் முதலில் வரும். 03/04 என்றால் மார்ச் 4, ஏப்ரல் 3 அல்ல. சில ஆலைகள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்கத்தில் அடிப்பார்கள். 074 என்றால் மார்ச் 15. அடைத்து மூன்று மாதத்துக்குள் குடித்தால்தான் காபியை முழுதாக அனுபவிக்கலாம். ஆறு மாதம் தாண்டியதை நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன்.

குடைமிளகாய் வாசனைக்குக் காரணம், பைரஸின் வகையைச் சேர்ந்த ஒரு வேதிப்பொருள். பச்சைக் காபிக்கொட்டையிலும் இருக்கிறது, குடைமிளகாயிலும் இருக்கிறது. மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். காபியின் இனிய மணம் மங்க மங்க, அதுவரை மறைந்திருந்த இது மேலே வருகிறது. வறுப்பு குறைந்த கொட்டையை முழுசாக ஊறப்போட்ட பீரில், புதிதாக இருக்கும்போதே கூட இது தலைகாட்டலாம். அப்படியானால் அது ஆலையின் குறை. அதோடு நனைந்த அட்டைப்பெட்டி நாற்றமும் சோயா சாஸ் சுவையும் சேர்ந்து வந்தால், ஆக்ஸிஜன் பட்டுப் பழசாகிவிட்டது என்று முடிவு கட்டலாம். வினிகர் போலப் புளித்தால் கிருமி புகுந்திருக்கிறது, கீழே கொட்டிவிடுங்கள். கேன் உப்பியிருந்தால் திறக்கவே வேண்டாம்.

பழசு எப்படிக் கடைக்கு வருகிறது? 1933-ல் மதுவிலக்கு நீங்கியபின் அமெரிக்காவில் வந்த ஏற்பாட்டில் தயாரிப்பவர், டிஸ்ட்ரிபியூட்டர், கடைக்காரர் என்று மூன்று அடுக்கு. சின்ன ஆலைகளுக்குச் சில மாநிலங்களில் சலுகை உண்டு. மற்றபடி நடு அடுக்கைத் தாண்டாமல் பீர் அலமாரிக்கு வராது. அந்த நடு ஆள் கோடையில் கிடங்கில் சூடாகப் போட்டு வைத்தாலும், பழைய சரக்கைக் கடையில் தள்ளினாலும், ஆலை அவரைச் சுலபமாக மாற்ற முடியாதபடி பல மாநிலச் சட்டங்கள் அவரைக் காக்கின்றன. பீர் கேனில் அடைத்த தேதி போட வேண்டும் என்ற மத்தியச் சட்டமும் இல்லை. கருவுற்றவர்களுக்கான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கத் தெரிந்த அரசுக்கு, இந்த ஒரு வரியைக் கட்டாயமாக்கத் தெரியவில்லை! வாங்குகிறவர்தான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒற்றை ஒற்றையாகப் பொறுக்கி ஆறு கேன் சேர்த்து வாங்கும் அலமாரியில் கவனம். உடைந்த பழைய பொதிகளின் மிச்சம் அங்கேதான் போய்ச் சேரும். ஜன்னலோர வெயிலில் அடுக்கியதைத் தொடாதீர்கள். "அபூர்வச் சரக்கு, இருமடங்கு விலை" என்று சமூக ஊடகக் குழுக்களில் விற்பவர்களிடம் போகவே போகாதீர்கள். உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம். அமெரிக்கத் தபாலில் மது அனுப்பத் தடையும் உண்டு. அதையும் மீறி வந்து சேரும் பாட்டில் எந்தச் சூட்டில் எத்தனை நாள் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்?

கடைக்காரர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்து. 10 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள இம்பீரியல் ஸ்டவுட்டை, குறிப்பாக பூர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறியதை, குளிர்ந்த இருட்டில் சில வருடம் வைக்கலாம். கூஸ் ஐலண்ட் ஆலையின் பூர்பன் கவுண்டி ஸ்டவுட் அந்த வகை. அதிக ஆல்கஹாலும் அடர்த்தியும் அதைத் தாங்குகின்றன. காரம் தணிந்து உலர்திராட்சை, கருப்பட்டி போன்ற சுவைகள் கூடும். ஆனால் பீப்பாயில் ஊறியதிலேயே காபி சேர்த்த வகை ஒன்று கையில் கிடைத்தால்? அதை வைக்கக் கூடாது. பீர் தாக்குப்பிடிக்கும், காபி தாக்குப்பிடிக்காது. இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் நல்ல ஸ்டவுட் கிடைக்கும். காபிக்காகக் கொடுத்த பணம் போயிருக்கும். உங்கள் கேனில் 5, 6 சதவீதம் என்று போட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இனி குடிக்கும் முறை. ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் மணம் எழாது, நாக்கில் கசப்பு மட்டும் நிற்கும்; முதல் நாள் நீங்கள் கண்டது அதுதான். வெளியே எடுத்து 20 நிமிடம் வையுங்கள். 10 முதல் 13 டிகிரி சரியான பதம். கேனில் குடித்தால் மூக்குக்கு வேலையே இல்லை. வாய் குறுகி வயிறு அகன்ற கண்ணாடிக் கோப்பை எடுங்கள். ஒயின் கோப்பை போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது, ஆகவே சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு போகக் குளிர்ந்த நீரில் நன்றாக அலசிக்கொள்ளுங்கள். சாய்த்துப் பிடித்துப் பாதி ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்பு நுரை எழும். ஒரு தடவைக்கு 150 மில்லி போதும்.

வாயில் வைக்கும் முன் முகர்ந்து பாருங்கள். நெடுமூச்சு வேண்டாம், குட்டி குட்டியாக மூன்று தடவை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சிக்கரி கலக்காத காபித்தூள் ஒரு ஸ்பூன் வைத்து, மாற்றி மாற்றி முகருங்கள். ஸ்டவுட்டில் காபி சேர்க்காவிட்டாலும் கருக வறுத்த பார்லி காபி மாதிரியே மணக்கும். இலங்கையின் லயன் ஸ்டவுட்டில் நீங்கள் உணரும் காபி அந்த வகைதான். பார்லியின் மணம் ரொட்டி ஓரம் கருகியது போல வறண்டிருக்கும். உண்மைக் காபியில் எண்ணெய்ப்பசையும் லேசான பழ மணமும் உண்டு. ஒப்பிட்டு முகர்ந்தால் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். மிச்சிகனின் ஃபவுண்டர்ஸ் பிரேக்ஃபாஸ்ட் ஸ்டவுட்டில் ஓட்ஸோடு இரண்டு வகைக் காபி சேர்கிறது. பழகிக்கொள்ள நல்ல பீர், தேதி பார்த்து வாங்கினால்.

முதல் மடக்கை உடனே விழுங்காமல் நாக்கு முழுவதும் படரவிடுங்கள். பாலும் சர்க்கரையும் சேர்த்தே காபி குடித்துப் பழகியவர்களுக்கு முதல் மடக்கு கசக்கத்தான் செய்யும். மூன்றாவது மடக்கில் முடிவு சொல்லுங்கள். விழுங்கியபின் கசப்பு சாக்லேட் போலக் கரைந்தால் நல்ல பீர். சாம்பலை நக்கியது போல நாக்கு இழுத்தால் பார்லி கருகிவிட்டது. காரமான மிக்ஸரைத் தள்ளி வையுங்கள், ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். கறுப்பு சாக்லேட், முந்திரி பொருந்தும்.

8.3 சதவீதமுள்ள ஒரு 355 மில்லி கேன், சாதாரண பீர் ஒன்றரைக்கும் மேல். அதைக் குடித்துவிட்டுக் காரை எடுக்காதீர்கள். காபி சேர்ந்திருப்பதால் போதை தெளியாது.

மீதமுள்ள கேன்களைத் திறக்க வேண்டாம். தேதி பழசாக இருந்தால் ரசீதோடு கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள். மறுத்தால் கேனின் அடியைத் தெளிவாகப் படம் எடுத்து, வாங்கிய கடையின் பெயரோடு ஆலைக்கு எழுதுங்கள். தங்கள் பெயர் கெடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சின்ன ஆலைகள் விரும்புவதில்லை.