அண்ணாச்சி பதில்கள்: கன்பூசியஸும் ஷிண்டோவும்

கேள்வி: அண்ணாச்சி, ஜப்பான்காரனுக்கு சாமி அந்த ஊரு பழைய மதமான ஷிண்டோ, ஆனா ஒழுக்கம் மட்டும் சீனாவுல இருந்து வந்த கன்பூசியஸ் சரக்குங்காவளே, ரெண்டும் எப்படி ஒட்டுச்சு?
(பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: தம்பி, நம்மூர்ல சொடலைமாடனுக்கு கொடையும் குடுத்துட்டு மறுநாள் திண்ணையில உக்காந்து குறளும் பேசுதோம்லா, யாருக்கும் இடிக்கலையே, அங்கயும் கிட்டத்தட்ட அப்படித்தான். டோக்குகாவா குடும்பம் ஜப்பான ஆண்ட காலத்துல ஹயாஷி ராசான்னு (1583–1657) ஒருத்தரு, சீனாவுல கன்பூசியஸ் வழி வந்த அறிஞரு ஜூ ஷி 12-ஆம் நூற்றாண்டுல சொன்ன தத்துவத்த எடுத்துக்கிட்டு, எல்லாத்துக்கும் அடியில இருக்க அந்த ஒழுங்கும் ஷிண்டோ சாமியும் ஒண்ணுதான்னுட்டாரு, புத்த மதத்த மட்டும் ஒதுக்கிட்டாரு. மேல இருக்கவனுக்கு கீழ இருக்கவன் அடங்கணும்ங்கது நாட்ட ஆண்ட படைத்தலைவன் ஷோகனுக்கும் வசதிலா!

எனக்குப் புடிச்சது யமசாகி அன்சாய் (1619–1682). புத்த பிக்குவா இருந்து கன்பூசியஸ் பக்கம் தாவி, பொறவு சுய்கா ஷிண்டோன்னு தனி வழியே ஆரம்பிச்சவரு. ஜூ ஷி சொன்ன பயபக்திய, சாமி முன்னால நிக்கிற அடக்கத்தோட சேத்துட்டாரு. ஒருநாள் சிஷ்யமார்ட்ட, கன்பூசியஸும் அவரு வழியில வந்த சீன ஞானி மென்சியஸும் படையோட நம்ம நாட்டுமேல ஏறி வந்தா என்னல செய்வியன்னு கேட்டாராம், எல்லாவனும் முழிச்சிருக்கான், கவசத்த மாட்டிட்டுப் போயி சண்டை போட்டு பிடிக்கணும், அதான் அவிய சொல்லிக்குடுத்த தர்மம்னாராம். ஆனா அவரோட பெரிய சிஷ்யமாரு அசாமி கெய்சாயும் சாத்தோ நவோகாத்தாவும் இந்த ஷிண்டோ கலப்ப ஒத்துக்கல, உறவே முறிஞ்சு போச்சு. பொறவு 18-ஆம் நூற்றாண்டுல மோட்டூரி நோரினாகாங்க ஜப்பான் அறிஞரு வந்து, சீனச் சரக்கே வேண்டாம்னு ஒரேயடியா பிரிக்கப் பாத்தாரு, அது தனிக் கத.