டயபர் மாற்றும் பேட் நாறுகிறதா? தையலைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு நான்கு மாதம். டயபர் மாற்றுவதற்காக, இரண்டு பக்கமும் மேடாக, ரெக்ஸின் உறை போட்ட ஃபோம் பேட் ஒன்று வாங்கி மேசை மேல் வைத்திருக்கிறோம். தினமும் சானிட்டைசர் போட்டுத் துடைத்தும் மூத்திர வாடை போகவில்லை. உறையும் பிசுபிசுக்கிறது. குழந்தைக்குத் தொடை இடுக்கில் சிவந்திருக்கிறது. விற்றவரிடம் கேட்டால், பேடில் கிருமி சேர்ந்துவிட்டது, ‘கிருமி எதிர்ப்பு மெமரி ஃபோம்’ பேடும் அதற்கென்றே உள்ள ஸ்பிரேயும் வாங்குங்கள் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பேடும் வேண்டாம், ஸ்பிரேயும் வேண்டாம்.

முதலில் சிவப்பைப் பற்றி. ஒரு தடவை டயபர் மாற்ற நான்கைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் பேடின் மீது படுவது குழந்தையின் தலை, முதுகு, பிட்டம், குதிகால். பேட் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முதுகிலும் பின்கழுத்திலும்தான் முதலில் தடிக்கும். டயபர் மூடியிருக்கும் இடத்தில் மட்டும் சிவந்திருந்தால் காரணம் டயபருக்குள் இருக்கிறது: ஈரம், மலம், உரசல், சில சமயம் பூஞ்சை. இடுக்கின் மடிப்புக்குள்ளேயே நல்ல சிவப்பாக இருந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெறித்தாற்போல் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். பேட் விற்பவர் சொல்ல வேண்டியதில்லை. வாசனை சேர்த்த ஸ்பிரேயை அடித்து, அது காயுமுன் குழந்தையைக் கிடத்தினால் இல்லாத எரிச்சலும் வரும்.

வாடைக்கு வருவோம். நீங்கள் துடைப்பது உறையின் மேல்பக்கம். வாடை இருப்பது உள்ளே, ஃபோமில். ரெக்ஸின் தண்ணீரை விடாது, உண்மைதான். ஆனால் அதைத் தைத்திருக்கிறார்களே! தையலில் ஊசி குத்திய ஒவ்வொரு இடமும் ஓர் ஓட்டை. இரண்டு பக்கமும் மேடாக உள்ள பேடில் சிறுநீர் நடுப்பள்ளத்துக்கு ஓடி, அங்கிருந்து தலைமாட்டிலோ கால்மாட்டிலோ உள்ள தையலைத் தேடிப் போகும். அடிப்பக்கம் ஜிப் இருந்தால் அது இன்னொரு வாசல். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் ஃபோமிலேயே ஊறிக் கிடக்கும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று பெட்டியில் அடித்திருப்பது துணிக்கு மட்டும் சொன்ன வார்த்தை. முழுப் பொருளுக்கும் அது பொருந்துமா என்று கடைக்காரரும் பார்ப்பதில்லை, பட்டியல் போடும் இணையதளமும் பார்ப்பதில்லை. யார் வேண்டுமானாலும் எதன் மீது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம் என்ற நிலையில் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு?

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஜிப்பைத் திறந்து, உறைக்கும் ஃபோமுக்கும் நடுவே தையலை ஒட்டி டிஷ்யூ காகிதத்தை வையுங்கள். ஜிப்பை மூடி, தையல் மேல் 50 மில்லி தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் நன்றாக அழுத்திவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு திறந்து பாருங்கள். காகிதம் நனைந்திருந்தால் வாடைக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

உறை பிசுபிசுப்பது வேறு விவகாரம். ரெக்ஸின் வளைந்து கொடுப்பதற்காக அதில் மென்மையாக்கும் ரசாயனம் கலந்திருக்கும். வெயில், சூடு, எண்ணெய் மூன்றும் அதை மேலே கசிய வைக்கும். எண்ணெய் தேய்த்த குழந்தையை நேராக உறை மேல் கிடத்தினாலே போதும். சானிட்டைசரில் உள்ள ஆல்கஹால் அந்த ரசாயனத்தை உறிஞ்சி எடுத்துவிடும். இன்று பிசுபிசுக்கும் உறை நாளை விறைத்து வெடிக்கும். வெடிப்பு விழுந்த பிறகு தையல் வரை போக வேண்டிய அவசியமே இல்லை, சிறுநீர் நேராக இறங்கும். ஆகவே சானிட்டைசரை இன்றோடு நிறுத்துங்கள். பேடை மணிக்கணக்கில் வெயிலில் போடவும் வேண்டாம். வெயில் துணி விரிப்புக்கு நல்லது, ரெக்ஸினுக்கு ஆகாது.

இருக்கும் பேடைக் காப்பாற்ற முடியுமா? ஃபோமை வெளியே எடுத்துப் பாருங்கள். கரும்புள்ளி அல்லது பச்சைப் பூசணம் தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். மஞ்சள் கறையும் வாடையும் மட்டும் என்றால் ஒரு தடவை முயன்று பார்க்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் திரவ சோப்பு கலந்து, ஃபோமை முக்கி முக்கி அழுத்துங்கள். முறுக்கிப் பிழிந்தால் கிழியும். நுரை வருவது நிற்கும் வரை அலசி, நிழலில் செங்குத்தாக நிறுத்தி, ஃபேன் காற்றில் விடுங்கள். நடுப்பகுதி காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மேலே காய்ந்ததை நம்பி உறையை மாட்டிவிட்டால் அடுத்த வாரம் பூசணம்தான். முழுக்கக் காய்ந்த பின், தையலே இல்லாத ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஃபோம் மேல் சுற்றிவிட்டு உறையைப் போடுங்கள்.

இனி தினசரிச் சுத்தம். சிறுநீர் மட்டும் என்றால் சோப்புத் தண்ணீர்த் துணி, பிறகு வெறும் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. அவ்வளவுதான். மலம் பட்டால் முதலில் டிஷ்யூவால் வழித்து எடுத்துவிட்டு அதே மூன்று துணி. கிருமிநாசினி தினமும் தேவையில்லை. வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் மட்டும், 5 சதவீத ப்ளீச் திரவத்தில் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து தடவி, சில நிமிடம் விட்டு, வெறும் தண்ணீரால் துடைத்துக் காய விடுங்கள். அன்றன்று கலந்ததை அன்றே பயன்படுத்துங்கள். அழுக்கைக் கழுவாமல் மேலே ப்ளீச் ஊற்றினால் அது வேலை செய்யாது, சிறுநீரோடு சேர்ந்தால் மூக்கை எரிக்கும் வாயுவும் கிளம்பும். வினிகரோடோ வேறு எந்தக் கிளீனரோடோ கலக்கவே கூடாது.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். தையலுக்குப் பதிலாக ஓரங்களைச் சூட்டில் ஒட்டியிருக்க வேண்டும். விரல் நகத்தால் ஓரத்தைத் தடவினால் நூல் தட்டாது. அல்லது உறையே இல்லாத, ஒரே வார்ப்பில் வரும் பேட்: தண்ணீர் உறிஞ்சாத ஃபோம், துடைத்தால் முடிந்தது. சுமார் 80 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம் பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். அடிப்பக்கம் வழுக்காமல் பிடிக்க வேண்டும். மேலே விரிக்க மூன்று பருத்தி விரிப்பு: ஒன்று பேடில், ஒன்று துவைப்பில், ஒன்று கையிருப்பில். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய துணி விரிப்பு என்றால் இஸ்திரி போடாதீர்கள், படலம் உருகும். துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், விரிப்பு ஈரம் உறிஞ்சாமல் போய்விடும்.

மெமரி ஃபோம் ஐந்து நிமிடப் படுக்கைக்கு எதற்கு? அழுந்திக் குழிவதுதான் அதன் குணம். கைக்குழந்தைக்கு அந்தக் குணமே ஆபத்து, முகம் புதையும். ‘முதுகெலும்புக்கு நல்லது’, ‘மருத்துவர் பரிந்துரைத்தது’, ‘ஆர்கானிக்’ எல்லாம் பெட்டிக்கு அழகு. மருத்துவர் பெயர் என்ன, என்ன சோதித்தார் என்று கேளுங்கள், பதில் வராது. ஆர்கானிக் பருத்தி என்பார்கள், அடியில் இருப்பது அதே ரெக்ஸினாக இருக்கும். ஏழு உருப்படி சேர்ந்த ‘காம்போ’வில் உங்களுக்கு வேண்டியது இரண்டு, மீதி ஐந்தும் தள்ளிவிட முடியாத சரக்கு. வீடியோவில் வந்து சிபாரிசு செய்பவரின் இணைப்பை அழுத்தி வாங்கினால் அவருக்குக் கமிஷன் போகலாம். சொல்வது யார் பணத்தில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் கொடுமை, ‘சுகாதாரப் பொருள், உறை பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டோம்’ என்ற விதி. பிரிக்காமல் தையலைச் சோதிப்பது எப்படி? முடிந்தால் நேரில் போய், காட்சிக்கு வைத்திருப்பதைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். ‘இந்தப் பேடில் குழந்தையைத் தூங்க விடாதீர்கள்’ என்ற ஒரே ஒரு உருப்படியான எச்சரிக்கையை மட்டும் எறும்பளவு எழுத்தில் அடியில் தைத்திருப்பார்கள். அதைப் படியுங்கள், அப்படியே நடங்கள். மேடான பக்கங்கள் தூங்கும் குழந்தையின் மூக்கை அடைக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்: மேசையை விட்டுத் தரைக்கு வாருங்கள். நான்கு மாதத்தில் குழந்தை புரளத் தொடங்கும் காலம். நேற்று வரை புரளாதது இன்றைக்கும் புரளாது என்று சொல்வதற்கில்லை. காலால் உந்தி நகர்வது அதற்கு முன்பே வந்துவிடும். பக்க மேடு அதைத் தடுக்காது. பெல்ட் போட்டாலும் ஒரு கை குழந்தை மேல் இருந்தே ஆக வேண்டும். டயபர், வைப்ஸ், கிரீம், மாற்றுடை, குப்பைப் பை எல்லாம் கை எட்டும் தூரத்தில் வந்த பிறகே குழந்தையைக் கிடத்துங்கள்.

மாற்றும்போது, கழற்றிய டயபரின் முன்பாதியை உள்பக்கமாக மடித்துப் பிட்டத்துக்கு அடியில் விடுங்கள், பேட் அழுக்காவது பாதி குறையும். பையன் என்பதால் முன்புறம் ஒரு துணியைப் போட்டு வையுங்கள், குளிர்காற்று பட்டதும் பீய்ச்சுவான். துடைப்பது எப்போதும் முன்னிருந்து பின்னோக்கி. இடுக்கைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நன்றாக உலர விட்டு, பிறகு துத்தநாக ஆக்சைடு கிரீமை வெள்ளையாகத் தெரியும் அளவுக்குப் பூசி மூடுங்கள். பால் குடித்த உடனே என்றால் காலைத் தூக்குவதைவிடப் பக்கவாட்டில் மெதுவாகச் சாய்த்துத் துடைப்பது நல்லது, கக்க மாட்டான்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் பெட்டியில் எழுதுவதில்லை. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாததால் மருத்துவர் பட்டை மாட்டிவிட்ட குழந்தைகள். இவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. இந்தப் பட்டையின் வேலை, தொடைகளை விரித்து மடக்கி, தவளை உட்கார்ந்த மாதிரி வைத்திருப்பது. பக்கம் மேடான பேடில் கிடத்தினால் முழங்கால்கள் இரண்டு சுவருக்கும் நடுவே சிக்கி உள்நோக்கி ஒடுங்கும். அதனால் தட்டையான, 60 சென்டிமீட்டராவது அகலமுள்ள விரிப்பு வேண்டும். இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கவே கூடாது, பக்கவாட்டில் சாய்க்கவும் கூடாது, இரண்டிலும் தொடைகள் ஒன்றுசேரும். உள்ளங்கையைப் பிட்டத்துக்கு அடியில் நுழைத்து, கால்கள் விரிந்தபடியே இருக்க, இரண்டு விரற்கடை மட்டும் உயர்த்தி டயபரைச் செருகுங்கள். பட்டைகளுக்கு உள்ளே டயபர் வர வேண்டும். மருத்துவர் கழற்றச் சொல்லாத பட்டையை டயபருக்காகக் கழற்றவோ தளர்த்தவோ வேண்டாம். பட்டை அழுக்கானால் மாட்டியபடியே துடைத்துவிட்டு, அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது என்ன செய்வது என்று கேளுங்கள்.

உங்கள் மகனின் சிவப்புக்கு, டயபரை அடிக்கடி மாற்றி, கிரீம் பூசி, தினம் சில தடவை பத்துப் பத்து நிமிடம் டயபர் இல்லாமல் விட்டுப் பாருங்கள். மூன்று நாளில் குறையவில்லை என்றாலோ, சுற்றிலும் புள்ளி பரவினாலோ, கொப்புளம், சீழ், காய்ச்சல் என்று எது வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சை என்று அவர் சொன்னால், துணி விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வைத்தால் போதும். அதற்காகவும் புதுப் பேட் தேவையில்லை.